எரிந்தால்தான் மருந்தா? வீட்டுக் கிருமிநாசினிகள் பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எழுதும் வீட்டுக் குறிப்புகளை நான் விடாமல் படிக்கிறேன். பல நல்ல குறிப்புகள் வருகின்றன. ஆனால் அண்மையில் வந்த ஒரு குறிப்பைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. பாத வெடிப்பு, கால் எரிச்சல் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள் உட்பட, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து அதில் இரண்டு மூடி டெட்டாலும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டு அரை மணி நேரம் காலை ஊற வைத்தால் சரியாகிவிடும் என்று அதில் இருந்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார், அவர் வீட்டில் யாருக்காவது அது இதமாகவும் இருந்திருக்கலாம், ஆனால் சர்க்கரை நோயாளிக்கு இதைச் சொல்லவே கூடாது. நான் டெல்டா பக்கம் ஒரு சிறிய ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கும் மருந்தாளுநர். அந்தக் குறிப்பு வந்த வாரத்தில் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பெரிய பாட்டில் கேட்டு வந்தவர்கள் உண்டு. அச்சில் வந்துவிட்டால் நம் ஊரில் அது டாக்டர் சொன்னதற்குச் சமம்.

சர்க்கரை நோய் பல வருடம் இருந்தவர்களுக்குப் பாதத்தின் நரம்புகள் கெட்டுப்போகின்றன. காலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்று சொல்வார்களே, அது அந்த நரம்புக் கோளாறுதான். இதில் கொடுமை என்னவென்றால், கால் எரிகிறது என்று சொல்கிற அதே ஆளுக்கு வெந்நீரின் சூடு காலில் தெரியாது. பொறுக்கும் சூடா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டிய நரம்பே வேலை செய்யாதபோது, பொறுக்கும் சூட்டில் என்று எழுதினால் யார் அளப்பது? காலை உள்ளே வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள், மறுநாள் செருப்பு போடும்போதுதான் பாதத்தில் பெரிய கொப்புளம் இருப்பது தெரியும். சூடு இல்லாத தண்ணீராகவே இருந்தாலும் அரை மணி நேரம் ஊறிய தோல் வெளுத்து, மெத்தென்று ஆகி, விரல் இடுக்கில் பிளந்துகொள்ளும். கிருமிநாசினி அந்தத் தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும், அதனால் வெடிப்பு இன்னும் ஆழமாகும். ரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தச் சின்னப் பிளவு புண்ணாகி, ஆறாமல், கடைசியில் விரலை எடுப்பது வரை போவதை மருந்துக் கடை வைத்திருக்கும் எவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் வெளியிட்ட ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. உங்கள் வாசகர் வீடுகளில் எத்தனை வீட்டில் ஒருவராவது இருப்பார் என்று யோசித்தால் இந்தக் கடிதம் நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்வீர்கள்.

சர்க்கரை நோயாளி காலை ஊற வைக்க வேண்டாம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் சாதாரண சோப்பு போட்டுக் கழுவினால் போதும், தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும் அல்லது வீட்டில் சர்க்கரை இல்லாத ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும், பிறகு விரல் இடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றித் துடைத்து, பாதத்துக்குத் தேங்காய் எண்ணெயோ வேறு களிம்போ தடவலாம். இடுக்கில் மட்டும் தடவக்கூடாது. புண் ஏதாவது கண்ணில் பட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், டெட்டாலைத் தேடக்கூடாது.

இனி பொதுவான விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பிரச்சினை அந்த ஒரு குறிப்பு மட்டுமல்ல. கடைக்கு வரும் பெரியவர்கள் என்னிடம் சொல்வது ஒரே மாதிரி இருக்கும். "எரியணும் தம்பி, எரிஞ்சாத்தான் கிருமி சாகும்." அளவைக் கூட்டி ஊற்றுவதற்கும், தண்ணீர் கலக்காமல் தடவுவதற்கும், எரியாத மருந்தைத் தண்ணி மருந்து என்று ஒதுக்குவதற்கும் இந்த நம்பிக்கைதான் காரணம். எரிச்சல் என்பது நம் நரம்பு கத்துவது. கிருமிக்கு என்ன ஆனது என்று அது எதையும் சொல்வதில்லை, நம் சதைக்கு என்ன ஆகிறது என்றுதான் சொல்கிறது. காயம் ஆறுவதற்கு அங்கே உயிரோடு இருக்க வேண்டிய செல்கள் சில உண்டு: கிருமியைத் தின்னும் வெள்ளணுக்கள், புதுச் சதையை நெய்யும் செல்கள், ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து மூடும் தோல் செல்கள். வீரியமான கிருமிநாசினிக்கு இவற்றையும் பாக்டீரியாவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. முதல் உலகப்போரில் பிரான்சின் பூலோன் நகரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு நடுவே வேலை பார்த்த அலெக்சாண்டர் பிளெமிங், ஆழமான காயத்துக்குள் ஊற்றிய கிருமிநாசினிகள் மூலை முடுக்கில் ஒளிந்திருந்த கிருமிகளை எட்டவே இல்லை, எட்டிய இடத்தில் வெள்ளணுக்களைத்தான் அதிகம் கொன்றன என்று காட்டினார். பின்னால் 1928இல் பென்சிலினைக் கண்டுபிடித்த அதே பிளெமிங்தான். அவருக்கும் முன்னால், 1865இல் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த ஒரு சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியைக் கட்டிக் கிருமிநாசினி அறுவை சிகிச்சையையே தொடங்கிவைத்தவர் ஜோசப் லிஸ்டர். அவர் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய வழியைக் காட்டியவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கார்பாலிக் அமிலம் மருத்துவர்களின் கைத்தோலையே வெளுக்க வைத்து உரித்தது, அறுவை அறைக் காற்றில் அதைத் தெளிக்கும் முறையை லிஸ்டரே பின்னாளில் தேவையில்லை என்று விட்டுவிட்டார். கண்டுபிடித்தவரே அளவு பார்த்து விலகிக்கொண்ட இடத்தில் நாம் ஏன் மூடி மூடியாக ஊற்ற வேண்டும்?

சாதாரணச் சிராய்ப்புக்கும் சின்ன வெட்டுக்கும் முதல் மருந்து குழாய்த் தண்ணீர். குடிக்கத் தகுந்த தண்ணீர் எதுவும் சரி. ஓடுகிற தண்ணீரில் மண், தூசி, ரத்தம் எல்லாம் போகிற வரை கழுவுவது, சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு. இப்படிக் கழுவிய காயங்களில் சீழ் பிடிப்பது கூடுவதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு, லேபிளில் போட்டிருக்கும் அளவில் தண்ணீர் கலந்த கிருமிநாசினியால் ஒரு தடவை துடைப்பதில் தவறில்லை. அந்த ஒரு தடவைக்குத்தான் அந்தப் பாட்டில். நாளுக்கு மூன்று வேளை, வாரக்கணக்கில் ஊற்றுவதற்கு அல்ல.

டெட்டாலில் கிருமியைக் கொல்லும் சரக்கு குளோரோசைலினால், 4.8 சதவீதம். கூடவே பைன் மர வாசனை தருகிற எண்ணெய் வகைப் பொருளும் ஆல்கஹாலும் சோப்பும் இருக்கின்றன. தண்ணீரில் விட்டதும் பால் போல ஆவது அந்த எண்ணெய்ச் சரக்கு கரையாமல் பிரிவதால்தான், அந்த வெண்மையும் வாசனையும் வீரியத்தின் அளவு இல்லை. சாவ்லானில் குளோர்ஹெக்சிடினும் செட்ரிமைடும். இவற்றைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் நனைத்துக் காயத்தின் மேல் வைத்துக் கட்டிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய பயம். திறந்த இடத்தில் தடவினால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், கட்டிவிட்டால் காயாது, ராத்திரி முழுக்க அங்கேயே நின்று நல்ல தோலையும் வேகவைத்துவிடும். காலையில் கட்டைப் பிரித்தால் காயத்தைவிடப் பெரிய வட்டமாகத் தோல் சிவந்து உரிந்திருக்கும், உடனே புண் பரவிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். முகப்பருவுக்கு அப்படியே தொட்டு வைக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இதேதான், பருவுக்குப் பதிலாகக் கருப்புத் தழும்பு மிஞ்சும்.

எங்கள் பக்கம் நடவு காலத்தில் சேற்றுப்புண் வராத கால் இல்லை. அதோடு இப்போது ஊரெங்கும் படர்தாமரை. இரண்டுக்கும் டெட்டால் குளியல்தான் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். படர்தாமரை பூஞ்சையால் வருவது, அதற்கான பூஞ்சைக் களிம்பை, அரிப்பு நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை போட்டால்தான் போகும். கிருமிநாசினித் தண்ணீரில் தினமும் குளித்தால் தோல் வறண்டு அரிப்பு கூடும், சிலருக்கு ஒவ்வாமை வந்து உடம்பெல்லாம் தடிக்கும், படர்தாமரை அதன் இடத்திலேயே இருக்கும். வேர்க்குருவுக்கும் அப்படித்தான், அங்கே கிருமி அல்ல பிரச்சினை, வியர்வை வழி அடைபட்டதுதான், காற்றும் பச்சைத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும்.

நுரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் காயத்தில் வெள்ளையாகப் பொங்கும், அதைப் பார்த்ததும் அழுக்கெல்லாம் வெளியே வருகிறது என்று ஒரு திருப்தி. நம் ரத்தத்திலும் சதையிலும் உள்ள ஒரு நொதி அதை உடைத்து ஆக்சிஜனாக்குவதால்தான் அந்த நுரை, கிருமியே இல்லாத சுத்தமான காயத்தில் ஊற்றினாலும் பொங்கும். கடையில் கிடைக்கும் 20 வால்யூம் பாட்டில் என்றால் ஒரு மில்லியிலிருந்து 20 மில்லி ஆக்சிஜன் வரும் என்று பொருள். ஆழமான, வாய் குறுகிய காயத்துக்குள் அதைப் பீய்ச்சினால் அந்த வாயு வெளியே போக வழியில்லாமல் ரத்தக்குழாய்க்குள் போகலாம், குடித்துவிட்டால் வயிற்றிலும் அதே ஆபத்துதான். குமிழி மூளைக்கோ இதயத்துக்கோ போனால் ஆளை முடித்துவிடும். அமெரிக்காவில் 35 சதவீதப் பெராக்சைடைச் சர்வரோக நிவாரணி என்று சொட்டுச் சொட்டாகக் குடிக்கச் சொல்லி விற்றார்கள், அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் 2006இலேயே எச்சரித்தது. கொரோனா காலத்தில் அதை நெபுலைசரில் வைத்து மூச்சில் இழுக்கும் ஆட்களும் கிளம்பினார்கள். ஒரு நாட்டில் தொடங்கிய பைத்தியக்காரத்தனம் நம் வாட்ஸ்அப்புக்கு வர ஒரு ராத்திரி போதும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

கண், காது, வாய், அந்தரங்க உறுப்பு, இந்த நான்கு இடத்திலும் வீட்டில் உள்ள கிருமிநாசினிக்கு வேலையே கிடையாது. குளோர்ஹெக்சிடின் கண்ணில் பட்டால் கருவிழி கெட்டுப் பார்வையே போகலாம். செவிப்பறையில் ஓட்டை இருப்பது பலருக்குத் தெரியாது, அந்த ஓட்டை வழியாக உள்காதுக்குப் போனால் காது கேட்காமல் போய்விடும். சீழ் வடியும் காதுக்கு வீட்டில் எதையும் ஊற்றக்கூடாது, காது மருத்துவர் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தால் மட்டுமே சொட்டு மருந்து. தொண்டை வலிக்கு அயோடின் மருந்தான பீட்டாடின் கொப்பளிக்கலாம், ஆனால் கொப்பளிப்பதற்கென்று 2 சதவீதத்தில் தனியாக விற்கிறார்கள். காயத்துக்கான 5 அல்லது 10 சதவீதக் கரைசல் வேறு. எதுவாக இருந்தாலும் விழுங்கக்கூடாது. தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அயோடின் மருந்துகளைத் தொடர்ந்து பயன்படுத்தக்கூடாது.

பெண்கள் விஷயத்தைப் பத்திரிகைகள் எழுதத் தயங்குகின்றன, அதனால் கடையில் என்னிடம் கேட்கவும் தயங்குகிறார்கள், பாட்டிலை மட்டும் வாங்கிப் போய்விடுகிறார்கள். வெள்ளைப்படுதலுக்கும் மாதவிடாய் நாட்களிலும் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் கழுவுவது நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. 1920கள் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அமெரிக்காவில் லைசால் என்ற தரை கழுவும் மருந்தையே பெண்களின் சுத்தத்துக்கு என்று விளம்பரம் செய்து விற்றிருக்கிறார்கள், புண்ணாகி அவதிப்பட்டவர்கள் அங்கே ஏராளம். பிறப்புறுப்பில் நமக்கு நன்மை செய்யும் கிருமிகள் இயல்பாகவே வாழ்ந்து அங்கே அமிலத்தன்மையைக் காத்து மற்ற கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருக்கின்றன, கிருமிநாசினி முதலில் அழிப்பது இவற்றைத்தான். அப்புறம் தொற்று அடிக்கடி வரும். வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும். பிரசவத் தையலுக்கு மருத்துவர் ஏதாவது மருந்துத் தண்ணீரில் உட்காரச் சொன்னால் அந்த மருந்து, அந்த அளவு, அத்தனை நாள், அவ்வளவுதான். மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ சொன்னார்கள் என்று அளவைக் கூட்ட வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றி எழுதும்போது கை நடுங்காமல் எழுத முடியவில்லை. பச்சிளங்குழந்தையின் தோல் மெல்லியது, மேலே தடவுவது உள்ளே போகும். 1972இல் பிரான்சில் ஒரு குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டது. வெறும் பவுடர்தான், இடுப்பில் தூவியதுதான். 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டு 36 குழந்தைகள் இறந்துபோனார்கள். நம் வீடுகளில் போரிக் பவுடர் இருக்கிறது, கேரம் போர்டில் தூவுவது பெரும்பாலும் அதுதான், அதைக் குழந்தையின் தொப்புளிலும் இடுக்கிலும் தூவும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. புண்பட்ட தோல் வழியாக உள்ளே போய்க் குழந்தைகளைக் கொன்ற வரலாறு அதற்கும் உண்டு. தொப்புள்கொடியை ஒன்றும் தடவாமல் காற்றாட உலரவிடுவதுதான் ஆஸ்பத்திரிப் பிரசவம் ஆன குழந்தைக்குச் சொல்லப்படும் வழி. அயோடின் வேண்டாம், அது குழந்தையின் தைராய்டை மந்தமாக்கும். காய்ச்சல் தணிய ஸ்பிரிட்டோ ஓடிகோலனோ உடம்பில் தேய்ப்பதும் வேண்டாம், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஆல்கஹால் உள்ளே போகும். ஈரத்துணி போதும்.

பாட்டில் மாற்றி ஊற்றி வைப்பதும் ஒரு பெரிய கேடு. பினாயிலைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கழிவறை மூலையில் வைத்திருப்பார்கள், தவழும் குழந்தைக்கும் கண் மங்கிய தாத்தாவுக்கும் அது குளிர்பானம்தான். பயிற்சி பெற்ற ஆட்களே குழம்புவார்கள் என்பதற்கு மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 2021 ஜனவரி இறுதியில் நடந்ததைச் சொல்லலாம், போலியோ சொட்டு மருந்து முகாமில் 12 குழந்தைகளுக்குக் கை கழுவும் சானிடைசரைச் சொட்டாக விட்டுவிட்டார்கள். நல்ல வேளையாகக் குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். தண்ணீர் கலந்த கிருமிநாசினியை ஒரு பாட்டிலில் போட்டு வாரக்கணக்கில் வைத்திருப்பதும் தவறு. நீர்த்துப்போன கரைசலில் சில பாக்டீரியாக்கள் உயிரோடு பெருகவே செய்யும், ஆஸ்பத்திரிகளிலேயே இப்படித் தொற்று பரவியது பதிவாகியிருக்கிறது. தேவைக்குக் கலந்து, மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நம் ஊரில் உடனே உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் என்று ஆளுக்கு ஒன்றாக வாயில் ஊற்றுவார்கள். டெட்டால், பினாயில் மாதிரியான எண்ணெயும் நுரையும் உள்ள சரக்கு வாந்தியில் மேலே வரும்போது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலைக் கெடுத்துவிடும், டெட்டால் குடித்தவர்களை நிறையப் பார்த்த ஹாங்காங் மருத்துவர்கள் பெரிய ஆபத்தாகச் சொன்னது இதைத்தான். வாயைக் கொப்பளிக்க வைத்து, 108க்கு அழைத்து, அந்தப் பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். பாட்டிலைப் பார்த்தால்தான் மருத்துவருக்கு என்ன சரக்கு என்று தெரியும்.

கொரோனா வந்தபோது இந்தப் பயம் எந்த அளவுக்குப் போனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் ஆட்கள் நடந்துபோகும்போது மேலே கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் ஒன்றை வைத்தார்கள், அதைப் பார்த்துப் பல ஊர்கள் வைத்தன. அதற்குச் சில நாள் முன்னால் உத்தரப்பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளிகளைத் தரையில் உட்கார வைத்து மேலே ரசாயனத்தைப் பீய்ச்சி அடித்தார்கள், குழந்தைகளும் அதில் இருந்தார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 18ஆம் தேதி, மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிப்பது கூடாது, அது உடம்புக்குக் கேடு, வைரசையும் நீக்காது என்று அறிவித்த பிறகுதான் அடங்கியது. அதே மாதம் அமெரிக்க அதிபர் டிரம்ப் கிருமிநாசினியை உடம்புக்குள் செலுத்த முடியுமா என்று பேச, டெட்டாலும் லைசாலும் செய்யும் நிறுவனமே மறுநாள் எந்த வழியிலும் உடம்புக்குள் செலுத்தக்கூடாது என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. படித்தவர்கள் மட்டும் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த வருடம் மே மாதம் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 502 பேரிடம் கேட்டதில் 39 சதவீதம் பேர் பிளீச்சால் காய்கறி கழுவுவது, தரை கழுவும் மருந்தைத் தோலில் பூசுவது, கொப்பளிப்பது என்று ஏதாவது ஒரு ஆபத்தான காரியத்தைச் செய்திருந்தார்கள்.

இத்தனையையும்விட, கிருமிநாசினி போட்டாச்சு என்ற நிம்மதியால் நடக்கும் கெடுதிதான் என்னை அதிகம் வருத்துகிறது. துருப்பிடித்த ஆணி குத்தினால் டெட்டால் போட்டுவிட்டு ஊசி வேண்டாம் என்கிறார்கள். ஜன்னி வரவைக்கும் டெட்டனஸ் கிருமி மண்ணில் கெட்டியான ஓட்டுக்குள் வித்தாகத் தூங்குவது, இந்த வீட்டு மருந்துகளுக்கு அந்த ஓடு உடையாது, அதுவும் ஆணி போன ஆழத்துக்கு எந்த மருந்தும் இறங்காது. தடுப்பூசிதான் வழி. நாய் கடித்தால் ஒரு மூடி டெட்டால் ஊற்றிவிட்டு வேலைக்குப் போகிறார்கள், சிலர் மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் வைத்து அழுத்துகிறார்கள். வெறிநாய்க்கடி வைரசின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கலைத்துவிடும், அதனால் 15 நிமிடம் கடிகாரம் பார்த்து ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். அதன்பிறகு பீட்டாடின் போடலாம், இங்கே அதற்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கி, சீட்டில் எழுதிக் கொடுக்கும் நாட்களில் ஒன்றுவிடாமல் போட வேண்டும், கடியில் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்திலும் அதைச் சுற்றியும் போடும் எதிர்ப்புச் சீரமும் வேண்டும். நோய் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஊசியை ஒரு மூடி கிருமிநாசினியை நம்பி விட்டுவிடுவதைக் கேட்கும்போது கோபம்தான் வருகிறது.

கிருமிநாசினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் கடையிலும் அதை விற்கிறேன், வாங்குகிறவரிடம் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கேட்டால், நீர் வடியும் சொறிக்கு மருத்துவர் சொன்னதா என்று கேட்டுவிட்டு, வெளிர் ரோஜா நிறம் வந்தால் போதும், ஊதா நிறம் வரக்கூடாது, படிகத்தைத் தோலில் வைத்தால் வெந்துவிடும் என்று பொட்டலத்தின் மேலேயே எழுதித் தருகிறேன். இதற்கு ஒரு நிமிடம் ஆகிறது.

உங்களிடம் கேட்பதும் அந்த ஒரு நிமிடத்தைத்தான். உடம்பு சம்பந்தப்பட்ட வாசகர் குறிப்பு எதுவானாலும் அச்சுக்குப் போகும் முன் ஒரு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். கிருமிநாசினியின் பெயர் வந்தால் எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு, எத்தனை தடவை, யாருக்குக் கூடாது என்பதும் அதே பெட்டிக்குள் அதே எழுத்தளவில் வரட்டும். என் கடிதத்தை வெட்டிச் சுருக்கிப் போட்டாலும் சரி, ஆனால் சர்க்கரை நோயாளி காலை வெந்நீரில் ஊற வைக்கக்கூடாது என்ற திருத்தத்தை மட்டும் வரும் ஞாயிறு இணைப்பில் அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். தீபாவளிக்கு முந்தைய வாரம் வெடி வைக்கும் பாதுகாப்பு பற்றி வழக்கமாக ஒரு பக்கம் போடுகிறீர்கள். அதில் தீக்காயத்துக்கு டெட்டால், பேனா மை, டூத்பேஸ்ட், ஐஸ் எதுவும் வேண்டாம், குழாயைத் திறந்துவிட்டு 20 நிமிடம் தண்ணீரில் காட்டிவிட்டுச் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். கடைச் சுவரில் ஒட்டிவைக்க எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தஞ்சாவூர் மாவட்டம்.